அம்மா காத்திருந்த ரத்தப் பரிசோதனை

1

நெதர்லாந்துக்கு வந்து மூன்று ஆண்டுகள் நிறைந்த வாரத்தில் இரண்டு இடங்களில் என் படிவங்கள் சிக்கிக்கொண்டன.

முதலாவது குடியேற்றத் துறை அலுவலகம். தங்கும் உரிமை அட்டையைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருப்பது ஓர் ஆணின் பெயர் என்பதைப் புதிதாக வந்திருந்த அலுவலர் கவனித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அது என் அப்பாவின் பெயர், ஊரில் அதன் முதலெழுத்தை மட்டும் போட்டுக்கொள்வோம் என்று மூன்றாவது முறையாக விளக்கினேன். அப்பா நான் பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே இறந்துபோனார். இந்த ஊரில் மின்சார நிறுவனமும் நூலகமும் பல் மருத்துவரும் இன்றும் அவர் பெயருக்குத்தான் கடிதம் எழுதுகிறார்கள். அலுவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டுவிட்டார்.

இரண்டாவது, மருத்துவமனை. நான் இங்கே ஒப்பிலக்கியம் படிக்கிறேன். கூடவே, பல்கலைக்கழக மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவில் ஓர் ஆய்வுக் குழு எழுதும் கட்டுரைகளின் ஆங்கிலத்தைச் சீர்செய்து கொடுக்கும் பகுதிநேர வேலை. மருத்துவம் எனக்குத் தெரியாது. வாக்கியம் தன் காலில் நிற்கிறதா என்று பார்ப்பதோடு என் பொறுப்பு முடிந்தது.

அந்தக் குழு தோல் லிம்போமாவை ஆராய்கிறது. நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்களே கெட்டுப்போய்த் தோலில் தங்கிப் பெருகும் ஒருவகைப் புற்றுநோய் அது. மெதுவாக நகர்வது, பல ஆண்டுகள் சாதாரண அரிப்புப் படையைப் போலவே தோற்றம் காட்டி மருத்துவர்களை ஏமாற்றுவது. ரத்தத்தின் தெளிந்த நீரில் மிதக்கும் நூற்றுக்கணக்கான புரதங்களை ஒரே நேரத்தில் அளந்து, இந்த நோயாளிகளிடம் எவை கூடியிருக்கின்றன, வெறும் படை உள்ளவர்களிடம் எவை, நலமாக இருப்பவர்களிடம் எவை என்று ஒப்பிட்டால், நோயை முன்னதாகவே சந்தேகிக்க வழி பிறக்குமா என்பது அவர்கள் கேள்வி. ஒப்பிட நலமான ரத்தமும் வேண்டும். குழுவின் மருத்துவர் மார்லூஸ், "நீங்களும் கொடுக்கலாமே" என்று ஒரு நாள் காப்பி இயந்திரத்தின் அருகே கேட்டார். சரி என்றேன்.

செவிலியர் கொடுத்த படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி: பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ தோல் லிம்போமா உண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். நான் இரண்டையும் விட்டுவிட்டு, பக்கத்தில் 'தெரியாது' என்று எழுதினேன். அப்படி ஒரு விடை கணினியில் இல்லை என்றார் செவிலியர். பெரும்பாலோர் இல்லை என்றுதான் குறிப்பார்கள் என்றும் மெல்லச் சொன்னார்.

என் பேனா இல்லை என்ற கட்டத்தின் மேல் நின்றது. நகரவில்லை. சுருட்டிய சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

2

அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு நான் திருத்திய கட்டுரையின் முதல் பத்திதான் காரணம். அந்த நோயின் திட்டுகள் வெயில் படாத இடங்களில், இடுப்பிலும் தொடையிலும் பின்புறத்திலும், முதலில் வரும் என்று அதில் இருந்தது. சிவந்த திட்டுகள் என்று எழுதியிருந்ததால் அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஊரில் அம்மாவின் கையில் சில வருடங்களாக இருந்தது வெளுத்த திட்டு. பிறகு மார்லூஸிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். கறுத்த தோலில் அது வெளுத்தும் காட்டும் என்றார். அதைக் கட்டுரையில் சேர்க்க வேண்டும் என்று தனக்கே ஒரு குறிப்பும் எழுதிக்கொண்டார்.

என் அம்மா நாகம்மா, ஓசூரை அடுத்த ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறாள். பசுமைக்குடிலில் பூ அறுப்பதில் தொடங்கி, இப்போது குளிர் அறையை ஒட்டிய கொட்டகையில் காம்பின் நீளம் பார்த்துத் தரம் பிரித்து இருபது இருபதாகக் கட்டுகிறாள். அவர்கள் வளர்க்கும் செடிகளின் தாய்ச்செடி ஹாலந்திலிருந்து வருவது. எனக்கு இடம் கிடைத்த செய்தியைச் சொன்னபோது, "எங்க செடி பொறந்த ஊருக்கே போற. பார்த்து, உனுக்கும் முள்ளு வந்துறப் போவுது" என்றாள். கொட்டகையில் அந்த நகைச்சுவை ஒரு மாதம் ஓடியதாம்.

கையில் திட்டு வந்து நான்கைந்து வருடம் இருக்கும். பூவுக்கு அடிக்கும் மருந்துதான் காரணம் என்று கொட்டகையில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அங்கே யாருக்கு என்ன அரித்தாலும் மருந்துதான். மெடிக்கலில் கொடுத்த ஆயின்மெண்ட் பூசினால் மங்கும், விட்டால் திரும்பும். நான் கிளம்புவதற்கு முந்தைய வருடம் ஒரு தனியார் மருத்துவர் முழங்கையருகே சிறு துண்டுத் தோல் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். குறிப்பாக ஒன்றும் சொல்ல முடியாத அழற்சி என்று முடிவு வந்தது. அந்தத் தாளை வெளியூர் போகிறவளின் அவசரத்தோடு படித்தேன். நல்ல செய்தி என்று மடித்து வைத்தேன்.

மருத்துவமனையின் நடைவழியில் உட்கார்ந்து அம்மாவை அழைத்தேன். எனக்குக் காலை, அவளுக்குச் சாப்பாட்டு வேளை. பின்னால் தட்டுகளின் சத்தம் கேட்டது.

"அம்மா, ஒரு விஷயம் கேட்க வேண்டும். கையில் இருப்பது போல உடம்பில் வேறு இடத்தில் இருக்கிறதா?"

"இன்னா பாப்பா, நியூஸ் வாசிக்கிறவ மாதிரி கேக்குற."

"இருக்கா இல்லையா, சொல்லும்மா."

"சோறு தின்ற நேரத்துல கேக்குற கேள்வியா இது?"

அவள் பதிலில் 'இல்லை' என்ற சொல் வரவில்லை. நானும் அதைக் கவனித்துக்கொண்டேன். சற்றுப் பொறுத்து, அருகில் இருந்தவர்கள் எழுந்துபோயிருக்க வேண்டும், குரலைத் தாழ்த்தினாள்.

"இடுப்புல இருக்குது. பாவாட கட்ற எடத்துல. அதுக்குக் கீழயும் கொஞ்சம். தேமல்தான் அது."

"எவ்வளவு நாளாக?"

"கைக்கு வர்றதுக்கு முன்னால இருந்து."

"டாக்டரிடம் காட்டினாயா?"

"ஆம்பள டாக்டரு. கையத்தான் கேட்டாரு, கைய நீட்னேன். அவரே கேக்காதத நா ஏன் தூக்கிக் காட்டணும்?"

கையைச் சோதிக்கப் போவதற்கு முந்தைய பத்து நாட்களும் அதில் விடாமல் ஆயின்மெண்ட் பூசியிருக்கிறாள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு அசிங்கமாகப் போகக் கூடாதாம். விருந்துக்குப் போவதற்கு முன் தலைவாரிக்கொள்வது போல, மருத்துவர் பார்க்க வேண்டியதை மருத்துவருக்காகவே துடைத்து வைத்திருக்கிறாள். அவர் வெட்டி அனுப்பியது, அவள் உடம்பிலேயே அதிகம் மருந்து பூசப்பட்ட, மிகக் குறைவாகப் பேசக்கூடிய இடத்தை.

3

அன்றே அதைச் சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும்: இடுப்பைக் காட்டு. இந்த இரண்டு சொற்களை என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் ஒருவர் முன் ஒருவர் உடை மாற்றியதில்லை. ஒரே அறையும் ஒரு சமையல் மூலையும் கொண்ட வீட்டில் அதற்கு எவ்வளவு திட்டமிடல் தேவைப்பட்டது என்று இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஒருத்தி உள்ளே என்றால் மற்றவள் தண்ணீர் பிடிக்கப் போயிருப்பாள்.

எனவே எளிதான பக்கமாகப் போனேன். இங்கே நடக்கும் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். ரத்தத்தில் உள்ள புரதங்களை வைத்தே இந்த நோயைக் கண்டுபிடிக்க உதவி கிடைக்குமா என்று பார்க்கிறார்கள் என்றேன். சந்தேகங்களையும் வரம்புகளையும் சேர்த்து, திருத்திய கட்டுரையின் நேர்மையோடுதான் சொன்னேன். அம்மா அதில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"ரத்தம்னா கைய நீட்னா போதும் இல்ல?"

"போதும். ஆனால்..."

"அப்ப அத எடுத்துக்கலாம். உங்க ஊருக்கு எப்பிடி அனுப்பறதுன்னு கேட்டுச் சொல்லு."

அவ்வளவு லேசான குரலை நான் வெகுநாட்களாகக் கேட்டிருக்கவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மார்லூஸிடம் கேட்டேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு பதில் சொன்னார். ஆய்வுக்கு இங்கே நேரில் ஒப்புதல் தந்தவர்களின் ரத்தத்தைத்தான் எடுக்க முடியும். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ரத்தம் அனுப்ப அனுமதிகள் உண்டு, அவை மாதக்கணக்காகும். எல்லாம் கிடைத்தாலும் முடிவைத் தனி ஒருவருக்குச் சொல்ல மாட்டார்கள். அந்த முறை இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. கடைசியில், "உங்கள் அம்மாவின் தோலை யாராவது முழுதாகப் பார்த்திருக்கிறார்களா?" என்று கேட்டார். ரத்தம் ஐயத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவலாம், தோலைப் பார்க்காமல் அதற்குப் பொருளில்லை என்றார்.

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று ஒரு வாரம் சொன்னேன். படிவம் கேட்டிருக்கிறார்கள் என்று மறு வாரம். படிவங்கள் உள்ள நாட்டில் இருப்பவள் என்பதால் அவள் நம்பினாள். என் பருவத் தேர்வுகள் வந்தன, ஆய்வுத் திட்ட வரைவு வந்தது, பனி வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அம்மா, "ரத்தம் இன்னா ஆச்சு?" என்று கேட்டாள், நான், "இன்னும் வரலம்மா" என்றேன். இடையில் பெங்களூரில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்வா என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அங்க போனா மறுபடி வெட்டுவாங்கோ. அதான் உன்னுது வருதே" என்றாள்.

தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்ப மறந்தார்கள், மொழியை மறந்தார்கள் என்று குறை சொல்வார்கள். நான் எதையும் மறக்கவில்லை. ஒரு கசப்பான செய்தியை எப்படிச் சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டே ஐந்து மாதங்களைக் கடத்தினேன்.

4

அந்த ஐந்து மாதங்களை முடித்துவைத்தது ஷாகிரா அக்கா. அம்மாவோடு அதே மேசையில் எதிர்ப்பக்கம் நின்று பூக் கட்டுகிறவர். சூளகிரியிலிருந்து கம்பெனி வண்டியில் வருகிறவர். ஒரு மதியம் அம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு, எடுத்தால் அவர். மேல்படிப்புக்கு வந்ததிலிருந்து நான் அவருக்கு டீச்சரம்மா.

"டீச்சரம்மா, நாந்தான் ஷாகிரா. உங்கம்மா கை கழுவப் போயிருக்கு. சீக்கிரம் சொல்லு, அந்த ரத்தம் வருமா வராதா?"

"அக்கா, அது வந்து..." என்று இழுத்தேன்.

"வராதுன்னா வராதுன்னு சொல்லு. அக்கா இடுப்புல ஒண்ணு தடிச்சிப்போயி நிக்குது. குனிஞ்சி பக்கெட்டு தூக்கறப்ப பாத்துட்டேன். தேமலு எங்கனா தடிக்குமா?"

"வராது அக்கா," என்றேன். "அது ஆராய்ச்சிக்கு மட்டும்தான். தோலைத்தான் காட்ட வேண்டும். முழுதாக."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு உனுக்கு? ஹாலந்துல இதுக்கும் ஃபாரம் கேக்குறாங்களா?"

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். கைபேசி மேசையில் வைக்கப்பட்டது போலும். இருவரின் குரலும் தள்ளிக் கேட்டது.

"பாப்பா சொல்லிடுச்சி. ரத்தமும் வராது, ஒரு மண்ணும் வராது. திங்கக்கெழம நாம பெங்களூரு போறோம்."

"நீ எதுக்குடி எம்பொண்ணுகிட்ட..."

"லேடி டாக்டரு பாப்பாங்க. இல்லன்னா கேட்டு வாங்கிக்கலாம். நா கன்னடத்துல சண்ட போடுவேன்."

"உடுப்பக் கழட்டச் சொல்வாங்கோ."

"சொல்லட்டும். டாக்டரு இன்னா உன் சம்பந்தியா, வெக்கப்பட?"

கொட்டகையில் யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. பிறகு கைபேசியை எடுத்து, "கேட்டுக்கினு இருக்கியா?" என்றாள்.

"இருக்கேம்மா."

"நெசமாவே வராதா?"

"வராது. எனக்கு அப்போதே தெரியும். சொல்லாமல் விட்டேன்."

அவள் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "உனுக்குக் கல்யாணம் ஆவட்டும்னுதான் நா வெளிய சொல்லல," என்றாள். "வெள்ளயா இருந்தா ஊருல வேற பேரு வெப்பாங்கோ." அழைப்பு முடிந்தது. அவள் எனக்காக மறைத்திருக்கிறாள். நான் மறைத்தது அவளுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று ஆண்டுகளில் எங்களுக்கு இடையே நடந்த மிக நேரான உரையாடல் அதுதான்.

5

திங்களன்று நடந்ததை இருவரும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஷாகிரா அக்காவின் கூற்றில், அவர் வரிசையில் மூன்று பேரை முந்தி, ஓர் ஊழியரோடு கன்னடத்தில் வாதாடி, பெண் மருத்துவரின் அறையைக் கண்டுபிடித்து, திரைக்கு வெளியே காவல் நின்றார். அம்மாவின் கூற்றில் அந்தப் பகுதி எதுவும் இல்லை. "திரைக்கு உள்ள போனேன். ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம் கழட்னேன்," என்பதுதான் முழுக் கதை.

மருத்துவர் தமிழ் தெரிந்தவர். தலை முதல் பாதம் வரை நல்ல வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார். எத்தனை இடங்களில் இருக்கிறது என்று அவர் எண்ணிச் சொல்லச் செவிலியர் எழுதிக்கொண்டபோதுதான், முதுகிலும் இருப்பது அம்மாவுக்கே தெரிந்தது. ஆயின்மெண்டை நிறுத்திவிட்டு மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். அம்மா நிறுத்தினாள். அந்த மூன்று வாரமும் வேலையில் முழுக்கைச் சட்டை அணிந்தாள். பிறகு இடுப்பில் தடித்த இடத்திலிருந்து ஒன்று, தொடையிலிருந்து ஒன்று என இரண்டு துண்டுத் தோல் எடுத்தார்கள். அதோடு ரத்தமும்.

"ரத்தம் கேட்டதும் எனக்குச் சந்தோசமாப் போச்சி," என்றாள் அம்மா. "இதுலயே தெரிஞ்சிருமா டாக்டர்னு கேட்டேன். ரத்தம் மட்டும் பாத்துச் சொல்ல முடியாதும்மா, தோலு சொல்றதும் ரத்தம் சொல்றதும் ஒத்துப்போவணும்னாங்க."

முடிவுகள் வந்தன. தோலில் லிம்போமா என்று உறுதியானது. தொடக்க நிலை. ரத்தத்தில் அவர்கள் அளந்த அணுக்களும் ஒன்றிரண்டு புரதங்களும் இயல்பான அளவிலேயே இருந்தன; நோய் தோலைத் தாண்டிப் போகவில்லை என்று நம்புவதற்கு அது உதவியது. ஷாகிரா அக்கா கைபேசியில் அனுப்பிய அறிக்கையின் படத்தை நான் பலமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து மாதங்கள் நாங்கள் காத்திருந்தது ரத்தத்தின் சொல்லுக்காக. அங்கே அளந்த அந்த ரத்தத்தை மட்டும் யாராவது பார்த்திருந்தால், ஒன்றுமில்லை போங்கள் என்று அனுப்பியிருப்பார்கள். நானும் அந்தத் தாளை நல்ல செய்தி என்று மடித்து வைத்திருப்பேன். மார்லூஸிடம் காட்டினேன். தோலையும் ரத்தத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும், என்றேனும் எங்கள் வேலை அந்த இரண்டாவது பாதியைத் தெளிவாக்கும் என்றார். சோர்ந்திருந்தேன், ஆனாலும் அந்தக் கட்டுரையின் திருத்தங்களை அன்று மாலையே முடித்துக் கொடுத்தேன்.

அம்மாவிடம் மருத்துவர் நேராகச் சொல்லிவிட்டார். அதை அவள் என்னிடம் சொன்ன விதம்: "கேன்சர்னாங்க. பயப்படாதன்னும் சொன்னாங்க. ரெண்டையும் ஒரே மூச்சில சொன்னா எத எடுத்துக்கறது பாப்பா?"

"இரண்டையும் எடுத்துக்கோம்மா."

"ம். நீ எதயும் விடமாட்ட."

6

அதற்கு மருந்து ஒளிதான். வாரத்துக்கு மூன்று நாள் புற ஊதா ஒளி காட்டுகிறார்கள். பண்ணையில் கேட்டு மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். விடிந்ததும் பேருந்தில் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து போய், மதியத்துக்குள் திரும்பி, மாலை வரை நின்று பூக் கட்டுகிறாள். களைப்பு குரலில் தெரிகிறது. வந்துவிடட்டுமா என்று கேட்டேன். இந்த அட்டையைப் புதுப்பிக்க இவ்வளவு அலைந்துவிட்டு வருவாயா, வேலையைப் பார் என்றாள். விடுமுறைக்குப் பயணச் சீட்டு எடுத்திருக்கிறேன். அதை இன்னும் சொல்லவில்லை. இல்லை, இந்த முறை சொல்லாமல் வைக்கப் போவதில்லை. ஞாயிறன்று சொல்லிவிடுவேன்.

நேற்று அவள் பேருந்தில் திரும்பும்போது அழைத்தேன். நான்காவது முறை முடிந்திருந்தது. எப்படி இருக்கும் என்று கேட்டேன். முன்பானால் கேட்டிருக்க மாட்டேன். கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

"ஆளொசரத்துக்கு ஒரு பொட்டி. உள்ள சுத்தியும் டியூப் லைட்டு. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி குடுத்துட்டு, எல்லாத்தையும் கழட்டிட்டு உள்ள நில்லுன்றாங்கோ."

"நின்றாயா?"

"மொத நாளு ரெண்டு கையாலயும் மறச்சிக்கினு நின்னேன். கதவுல சின்னதா ஒரு சன்னலு. அந்த நர்சு பொண்ணு பாத்துட்டு, கைய எடுங்கம்மா, மறச்சா அங்க மருந்து போவாதுன்னுச்சி."

பேருந்தின் ஒலிப்பான் நீளமாக அலறியது. யாரோ கன்னடத்தில் சில்லறை கேட்டார்கள்.

"எடுத்துட்டேன்," என்றாள். "இப்பல்லாம் போனதுமே கைய தூக்கிக்கினு நிக்கறேன். வெயில்ல நிக்கற மாதிரிதான் பாப்பா. இன்னா, யாரும் பாக்காத வெயிலு."